அடுப்படிக்கு ஒரு முகவரி

எங்கள் வீட்டுக்கு முகவரி கிடையாது. தபால்காரருக்குத் தெரியும், சிலிண்டர் போடுகிறவருக்குத் தெரியும், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு ரொம்ப நன்றாகவே தெரியும். இணையத்துக்குத்தான் தெரியாது. 2043இல் இந்த நாட்டில் எந்த வீட்டுக்கும் இணையத்தில் முகவரி இல்லை. வீட்டிலிருந்து வெளியே போய் என்ன வேண்டுமானாலும் பார்க்கலாம். வெளியிலிருந்து யாரும் வீட்டுக் கணினிக்குள் வந்து எதையும் பார்க்க முடியாது. மக்களின் பாதுகாப்புக்காக என்றுதான் அந்தச் சட்டம் வந்தது. எந்த மக்கள் என்று நான் அப்போதே கேட்டேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர் வந்ததுதான் மிச்சம்.

படமோ பத்திரமோ, நாலு பேர் பார்க்க வைக்க வேண்டியது எதுவானாலும் உரிமம் பெற்ற பெரிய கம்பெனிகளின் இணையக் கிடங்குகளில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கிடங்குக்காரர்கள் சும்மா வைக்க மாட்டார்கள், சுத்தம் செய்து வைப்பார்கள். கல்யாண வீடியோவைக் கொடுத்தால், இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தமில்லாத முகங்களை எல்லாம் மழுப்பிவிடுவார்கள். சமையல்காரர், மேளக்காரர், பந்தியில் சாப்பிடுகிற அடுத்த தெருக்காரர், எல்லாரும் முகமில்லாமல் நடமாடுவார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

நான் வேல்விழி. ஈரோட்டுக்குத் தெற்கே நாலைந்து ஊர்களில் 'வேல்விழி வீடியோஸ்' என்றால் தெரியும். இருபத்தைந்து வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எல்லாவற்றையும் எடுக்கிறேன். அடுப்படியில் கிரைண்டருக்குப் பக்கத்தில் நாலு டிஸ்க் போட்ட பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். என் கேமராவில் கார்டு கிடையாது. எடுக்க எடுக்கப் படம், ஊருக்குள் ஓடும் கேபிள் லைன் வழியாக நேரே அந்தப் பெட்டிக்கு வந்துவிடும். அங்கே யார் முகமும் மழுங்குவதில்லை.

அந்தப் பெட்டியைத் தேடித்தான் திங்கட்கிழமை காலை கோகிலவாணி வந்தாள். பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள். அவள் புருஷன் திருமூர்த்தி, சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்தில் மதகு வேலை பார்த்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அந்த மதகு திறந்து, கழிவு குடிநீர் வாய்க்காலில் கலந்து, மூன்று பேர் செத்துப்போனார்கள். பதினொன்றரை மணிக்கு மதகைத் திறந்தது திருமூர்த்திதான் என்று நிலையத்தின் கேமரா சொன்னது. அதில் அவன் முகம் பளிச்சென்று இருந்தது. அந்தப் பதிவு கம்பெனிக் கிடங்கிலிருந்து வந்ததால் அதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

"ஸ்டுடியோக்கா, வியாழக்கிழமை தீர்ப்புங்க," என்றாள், வாசலில் நின்றபடியே. "அன்னைக்கு அவரு பழனியப்பன் மண்டபத்துல, அவிய மக கல்யாணத்துல சாப்பிட்டுட்டு இருந்தாருங்க. பக்கத்து எலைக்காரங்க ரெண்டு பேரு கோர்ட்டுல வந்து சொன்னாங்க. மனுசனுக்கு நிமிசக் கணக்கெல்லாம் ஞாபகம் இருக்காதுன்னு ஒதுக்கிட்டாங்க. நீங்க பந்திய எடுத்திருப்பீங்கல்ல?"

எடுக்காமல் இருப்பேனா! எங்கள் பக்கத்தில் மாலை மாற்றுவதை விட்டுவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள், பந்தியை விட்டால் மன்னிக்க மாட்டார்கள். 'நான் வந்து சாப்பிட்டதே வீடியோவுல இல்லை' என்று பத்து வருடம் கழித்தும் சண்டைக்கு வரும் மாமன்மார் உண்டு. அதனால் ஒவ்வொரு இலையாக, ஒவ்வொரு முகமாக எடுப்பேன்.

பெட்டியில் தேடினோம். மூன்றாவது பந்தி, ஏழாவது இலை. திருமூர்த்தி பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தான். என் கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தான். கோகிலவாணி கையை நீட்டித் திரையைத் தொட்டாள்.

"ஜெயில்ல இப்ப பாதி ஆளாயிட்டாருங்க," என்றாள்.

நான் திரையின் மூலையில் இருந்த மணியைப் பார்த்தேன். 10:53.

அந்தக் கல்யாணத்தின் முகூர்த்தம் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை. வெள்ளிக்கிழமை என்பதால் பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. தாலி ஏறும்போது மணி 10:50 ஆகிவிட்டது. அதற்குச் சற்று முன்னால் பெண்ணின் அப்பா பழனியப்பன் என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு, "கேமராவுல ஒரு நாப்பது நிமிசம் பின்னால தள்ளீரு கண்ணு," என்றார். தள்ளினேன். எங்கள் தொழிலில் இது ஒன்றும் புதிதில்லை. சம்பந்தி வீட்டில் வீடியோவைப் போட்டால் முதலில் மூலையில் இருக்கும் மணியைத்தான் பார்ப்பார்கள். அதில் நல்ல நேரம் இருந்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. இதை ஒரு தப்பு என்றே நான் நினைத்ததில்லை, கல்யாணத்துக்கு வந்தவள் செய்கிற சின்ன உபகாரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

திருமூர்த்தி சாப்பிட்டது உண்மையில் 11:33க்கு. கேமரா சொல்வது 10:53. மண்டபத்திலிருந்து மதகுக்கு வண்டியில் இருபது நிமிடம். இந்தப் படத்தை அப்படியே காட்டினால், சாப்பிட்ட கையோடு போய் மதகைத் திறந்தான் என்று எழுதிக்கொள்வார்கள். அவனை விடுவிக்க ஊரிலேயே இருக்கும் ஒரே சாட்சியை நானே கெடுத்து வைத்திருந்தேன்.

மறைக்க மனசு வரவில்லை. சொன்னேன். கோகிலவாணி திரையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒரு கல்யாணத்துக்கு நல்ல நேரம் குடுக்கறதுக்கு என்ற புருசனோட நேரத்த எடுத்துட்டீங்களேக்கா," என்றாள்.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம் முழுக்க என் மேல்தான்.

பிறகுதான் பெட்டியின் பதிவேடு நினைவுக்கு வந்தது. கேமரா தன் மணியைப் படத்தின் மேல் எழுதும். பெட்டியோ, ஒவ்வொரு துண்டும் தன்னிடம் வந்து சேர்ந்த நேரத்தைத் தன் சொந்தக் கடிகாரத்தின்படி தனியாக எழுதிக்கொள்ளும். கேமராவின் காதைத் திருகினேனே தவிர, பெட்டியில் நான் கை வைத்ததில்லை. திறந்து பார்த்தோம். ஏழாவது இலை வந்து சேர்ந்த நேரம் 11:33 என்று இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓட முடியாது. யார் வேண்டுமானாலும் எந்தப் படத்தையும் வீட்டில் உட்கார்ந்து தயாரித்துவிடலாம் என்று ஆன பிறகு, பிரதி எதுவும் சாட்சியாகாது என்று சட்டம் வந்துவிட்டது. எந்த இயந்திரத்தில் முதலில் எழுதப்பட்டதோ, அது ஓடிக்கொண்டிருக்கும் இடத்துக்கே நீதிமன்றம் இணையம் வழியாக வந்து பார்க்கும். இயந்திரத்தை அசைத்தால் போச்சு. ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லலாமே என்றால், அந்த ஆளை நம்ப வேண்டிவரும். ஆளை நம்புவதைத்தான் ஒழித்தாயிற்றே. ஆகக்கூடி, இணையத்தில் முகவரி உள்ளவன் சொல்வது மட்டுமே சாட்சி. எங்களுக்கு முகவரி இல்லை.

பூபதியைக் கூப்பிட்டேன். எங்கள் ஊருக்குக் கேபிள் லைன் இழுத்தவன், இன்றைக்கும் பார்த்துக்கொள்பவன். வந்து கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, விஷயத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டான்.

"நம்மளால ஆகாதுங்கக்கா. ஊருக்குள்ள யாரு வீட்டுக்கு யாரும் போலாம். ஊர் எல்லையில இரும்புக் கேட்டு மாதிரி ஒண்ணு போட்டிருக்கு. வெளிய போறவனை விடும், உள்ள வர்றவனை விடாது. அதைத் தொறக்கற சாவி எங்கிட்ட இல்ல."

"ஒரு ஓட்டைகூடவா இல்ல?"

அவன் கூரையைப் பார்த்தான், தண்ணீர் கேட்டுக் குடித்தான். "ஒரே ஒரு சின்னக் கதவு இருக்குதுங்க," என்றான் கடைசியில். "மண்டபத்துக்கு. வெளிநாட்டுச் சொந்தக்காரங்க கல்யாணத்தை நேரலையில பாக்கறதுக்கு லைசென்ஸ் வாங்கி வெச்சிருக்காங்க. அந்தக் கதவத் தட்டி யாரு வந்தாலும், மண்டபத்து மிசின் அப்படியே ஊர் லைன்ல உங்க அடுப்படிக்குக் கூட்டிட்டு வந்துரும். நாலு வரி எழுதினாப் போதும்."

"சட்டப்படி?"

"சட்டப்படி உங்க பெட்டியப் புடுங்கிட்டுப் போவாங்க. உங்க ஒயர வெட்டச் சொல்லி எனக்கு ஆர்டர் வரும். நான் வெட்டுவேன், என்ற லைசென்ஸ் எனக்கு வேணும். இப்பவே சொல்லிப்போட்டேன்."

"வெட்டிக்க. வியாழக்கிழமைக்கு அப்புறம் வெட்டிக்க."

கோகிலவாணியையும் பூபதியையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். பழனியப்பன் என்னைப் பார்த்ததும் காபி சொன்னார். விஷயத்தைச் சொன்னதும், காபி வருவதற்குள் எங்களைக் கிளப்பிவிடப் பார்த்தார்.

"நல்லாருக்குது கதை! என்ற மக தாலி ராகு காலத்துல ஏறுச்சுன்னு கோர்ட்டுல தண்டோராப் போடச் சொல்றயா? சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாங்க? அந்தப் பையன் நல்லவன்தான், இல்லேங்கல. அதுக்காக?"

"மாமா, பதினாலு வருசம் உள்ள போடப் போறாங்க," என்றேன்.

"அதுக்கு வக்கீலு இருக்கறாங்க. நானா மதகத் தொறந்தேன்?"

அலுவலக அறைக் கதவு திறந்திருந்தது. அவர் மகள் தன்ஷிகா அதில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருடம் முன்பு நான் எடுத்த கல்யாணப் பெண். இப்போது மண்டபத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான்; மாமியார் வீட்டுக்கும் அப்பா வீட்டுக்குமாக அல்லாடிக்கொண்டிருப்பதாக ஊரில் பேச்சு. ஆடி மாதம் அவளுக்குக் கரு கலைந்தது எல்லாருக்கும் தெரியும்.

"மணி என்னங்க அப்ப? நெசமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"பத்து அம்பது."

"அப்பா, எனக்கு அப்படி ஆனப்ப எங்க அத்தை என்ன பண்ணுனாங்க தெரியுமா? கல்யாண வீடியோவப் போட்டு மணியப் பாத்தாங்க. பத்து பத்து. 'நேரத்துல ஒரு குத்தமும் இல்லை, அப்பப் பொண்ணுதான் சரியில்ல'ன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்த மூணாம் நாளு. நான் உள் ரூம்ல படுத்திருந்தேன், கேட்டுச்சு."

பழனியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். "நேரம் தப்புன்னு தெரிஞ்சா மட்டும் உன்ன விட்டுருவாங்களா சாமி? அதுக்கும் ஏதாச்சும் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நெசத்தச் சொல்லித் திட்டட்டும். உங்க பொய்யும் இவங்க பொய்யும் சேர்ந்து எனக்கு என்ன பண்ணுச்சுன்னு பாத்தீங்கல்ல? இந்தக்காவுக்கு என்ன பண்ணுச்சுன்னும் பாருங்க." கோகிலவாணியைக் காட்டினாள். பிறகு பூபதியிடம் திரும்பினாள். "அண்ணா, லைசென்ஸு என்ற பேருலதான் இருக்குது. வந்து எழுதுங்க."

அவள் என்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கிளம்பும்போது, "உங்க மேல எனக்குக் கோவம் போகலைங்க," என்றாள். போகக் கூடாதுதான்.

திருமூர்த்திக்காக வாதாடும் வக்கீல் அம்மா மண்டபத்தின் முகவரியை மனுவில் போட்டுக் கொடுத்தார். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு நான் அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கோர்ட்டுக்குப் போனால் உடைந்துபோய்விடுவேன் என்று கோகிலவாணி என்னோடேயே இருந்துவிட்டாள். பத்து முப்பத்தொன்பதுக்குத் திரையில் ஒரு வரி ஓடியது. வெளியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்றது பெட்டி. அந்தப் பெட்டியின் பதினோரு வருட வாழ்க்கையில் முதல் விருந்தாளி.

கோர்ட்டில் பேசுவது இங்கேயும், இங்கே பேசுவது அங்கேயும் கேட்டது. அரசு வக்கீல் படத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். "10:53. எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை," என்றார்.

நான் எழுந்து நின்றேன். எதற்கு நின்றேனோ தெரியவில்லை. "அந்த மணி பொய்ங்க. நான்தான் மாத்தினேன்," என்றேன்.

ஏன், எப்படி, யார் கேட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். நீதிபதி ஒரு பெண்மணி. குரல் மட்டும்தான் வந்தது. "இது போல் எத்தனை கல்யாணங்களில் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"முப்பத்தேழுங்க."

"ஒரு கடிகாரத்தை மாற்றியவர் இன்னொன்றையும் மாற்றியிருக்க மாட்டார் என்று இந்த நீதிமன்றம் எப்படி நம்புவது?" என்றார் அரசு வக்கீல். நியாயமான கேள்வி. அதற்கு மட்டும் நான் மூன்று நாளாகத் தயாராகியிருந்தேன்.

"என்னை நம்ப வேண்டாமுங்க. பதிவேடு மொத்தத்தையும் தொறந்து வெச்சிருக்கேன், பதினோரு வருசம். எங்க ஊர்ல கரண்டு போகாத வாரம் கிடையாது. கரண்டு போனா என்ற பெட்டி செத்துரும், வந்தா எந்திரிச்சுக்கும். எப்பச் செத்துச்சு, எப்ப எந்திரிச்சுச்சுன்னு அதுல இருக்கு. மின்வாரியத்துக் கணக்கை வாங்கி ஒண்ணொண்ணா ஒத்துப் பாருங்க. அதை நான் மாத்தணும்னா ஊருக்கே கரண்ட நிறுத்தற ஆளா இருக்கணும். கல்யாண நாளன்னைக்கு மத்தியானமும் ஒருக்கா போச்சு."

ஒத்துப் பார்த்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் மின்வெட்டு. இரண்டரை மணி நேரம் அந்த முன்பின் தெரியாத விருந்தாளி என் அடுப்படியில் அலைந்து திரிந்தார். முப்பத்தேழு குடும்பத்தின் நல்ல நேரமும் கெட்ட நேரமும் அவர் கண்ணில் பட்டிருக்கும். கோகிலவாணி மிளகாய் டப்பாவை எடுத்து மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

ஒன்றேகாலுக்கு நீதிபதியின் குரல் வந்தது. பதினொன்று முப்பத்து மூன்றுக்குத் திருமூர்த்தி பந்தியில்தான் இருந்திருக்கிறார். ஆகவே நிலையத்தின் கேமரா காட்டும் முகம் அவருடையதாக இருக்க முடியாது. இன்றே விடுதலை. அந்தக் கேமராப் பதிவு கிடங்கில் எப்படி உருவானது என்று தனி விசாரணை. மதகு தானாகவே பழுதாகித் திறந்ததா, முகம் பிறகு வைக்கப்பட்டதா என்பதையும் அதில் பார்க்க வேண்டும்.

கோகிலவாணி சத்தம் போட்டு அழுதாள். அடுத்த வரி எனக்கு. உரிமமில்லாமல் வீட்டு இயந்திரத்தை வெளியாருக்குத் திறந்துவிட்டது குற்றம். மாலை ஐந்து மணிக்குள் உள்ளூர் கேபிள் நடத்துபவர் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், திங்கட்கிழமை அதிகாரிகள் வந்து பெட்டியைக் கைப்பற்றுவார்கள். சரி என்று கேட்டுக்கொண்டேன். செய்ததை மறுக்க முடியாது, மறுக்கும் எண்ணமும் இல்லை.

கோகிலவாணி கோயமுத்தூர் ஜெயிலுக்குப் பஸ் ஏறினாள். போகும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு அது போதும்.

மூன்று மணிக்கு வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். விசாரணையை யாரும் பார்க்கலாம் என்பதால் ஊரே பார்த்திருக்கிறது. முதலில் வந்தவர்கள் அந்த முப்பத்தேழில் இரண்டு குடும்பம். "எங்க பையன் கல்யாணமும் அதுல உண்டா?" என்று கத்தினார்கள். உண்டு என்றேன். இன்னும் பலமாகக் கத்தினார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். மண் வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

அவர்களுக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள். பன்னிரண்டு பேர் இருப்பார்கள், தெருமுனையில் இன்னும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு தேதி, ஒரு நேரம். கிடங்குக் கேமரா சொன்னதை மட்டும் வைத்து உள்ளே போன மகன், தம்பி, புருஷன். ஒயர் இருக்கும்வரைதான் கோர்ட்டு பெட்டிக்கு வந்து பார்க்க முடியும். "அன்னைக்கு எங்க பையன் நம்மூருல ஒரு காதுகுத்துல இருந்தானுங்க, நீங்கதான எடுத்தீங்க?" "அந்தச் சாவுக்கு நீங்க வந்தீங்களாக்கா?" மண்டபத்துக் கதவு வழியாக ஊர் தாண்டியும் ஆட்கள் வந்து கேட்க ஆரம்பித்திருந்தார்கள், திரையில் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு மேலும் கதவைத் திறந்தே வைக்கிறேன் என்று தன்ஷிகா போனில் சொன்னாள். மாமியார் வந்துவிட்டாரா என்று கேட்டேன். "வந்து ஒரு மணி நேரமாச்சுங்க. கத்திட்டு இருக்காங்க," என்றாள்.

கதவைத் திறந்தால் எல்லாரும்தான் வருவார்கள். கூட்டத்தில் ஒருத்தன் ஒரு பெண்ணின் படத்தை நீட்டினான். அவன் பொண்டாட்டியாம், ஓடிப்போய்விட்டாளாம், எந்த ஊர்க் கல்யாணத்திலாவது தட்டுப்படுகிறாளா என்று பார்க்க வேண்டுமாம். அவன் கண்ணைப் பார்த்தேன். வெளியே போ என்றேன். என் பெட்டி திறந்திருக்கலாம், அதன் முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா? கம்பெனிக் கிடங்கில் அப்படி உட்கார ஆளில்லை. அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

நாலேமுக்காலுக்குப் பூபதி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கம்பத்தில் ஏணியைச் சாய்த்தான், பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், கட்டிங் பிளேயரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினான். ஒருத்தியும் அவனிடம் கெஞ்சவில்லை. தங்கள் தேதிகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மழை பெய்வதற்குள் வடகத்தை அள்ளுகிறவர்கள் போல அவசர அவசரமாக. நான் முதல் சீட்டை வாங்கி அதிலிருந்த தேதியைத் தட்டினேன். அந்தக் காதுகுத்து வந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு பையன் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தான். அவன் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து மணி ஆனது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து பத்துக்கும் ஓடியது. வெளியே வந்து பார்த்தேன். பூபதி கம்பத்தின் உச்சியில் நின்று ஒவ்வொரு ஒயராகப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்று குரல் கொடுத்தான், ஊருக்கே கேட்கும்படி. "எல்லா ஒயரும் கருப்பாவே இருக்குங்க. இதுல உங்களுது எதுன்னு தெரியல."

இருபது வருடமாக இந்தத் தெருவின் ஒவ்வொரு ஒயரையும் தன் கையால் இழுத்துக் கட்டியவன் அவன்.

"தப்பா வெட்டிறாத பூபதி," என்றேன். "அவசரமில்ல, நல்லாத் தேடு." உள்ளே போய் அடுத்த சீட்டை வாங்கினேன்.